நாலு ஓட்டைப் பொத்தான்

ஜனவரி 6, செவ்வாய்

இந்த டைரியைத் தையல் நூல் கடைக்காரர் வருடா வருடம் இலவசமாகக் கொடுப்பார். இதில் மார்பளவு, கையளவு, தோளளவு தவிர வேறு எதையும் நான் எழுதியதில்லை. ஏற்காட்டில் எந்தப் பெண்ணின் இடுப்பு எந்த வருடம் எவ்வளவு கூடியது என்ற வரலாறு என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. இந்த வருடம் கொஞ்சம் என் கதையும் இருந்துவிட்டுப் போகட்டும். பேச ஆள் இல்லாதபோது எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆள் ஏன் இல்லை என்றால், கோபித்துக்கொண்டு சேலத்துக்குப் போய்விட்டார். ஆள் என்றால் என் வீட்டுக்காரர் ஞானப்பிரகாசம். செவ்வாய்ப்பேட்டையில் அவர் அக்கா வீடு இருக்கிறது. கோபம் வந்தால் போவதற்கு எனக்கும் ஒரு அக்கா இருந்திருக்கலாம்.

நடந்தது இதுதான். என்னிடம் தைக்கக் கொடுக்கிற டெல்பின் அக்காவின் மகளுக்குக் கல்யாணம். பாட்டில் பச்சையில் பட்டுச்சேலை எடுத்திருந்தார்கள். அதற்கு மேட்சிங்காக பிளவுஸ் துணி வாங்கிவர இவரை அனுப்பினேன். வழக்கமாகப் போகிற கடையில் சேலை நுனியைக் கொடுத்தால் கடைக்காரரே பார்த்து எடுத்துக் கொடுப்பார். அன்று அந்தக் கடை பூட்டியிருந்ததாம். பக்கத்தில் புதிதாக வந்த பெரிய கடையில் நாமே எடுத்துக்கொள்ள வேண்டுமாம். எடுத்துக்கொண்டு வந்தார், வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில்! பச்சைச் சேலைக்கு!

அந்த நேரம் பார்த்து என் தையல் கடை நிறைய ஆட்கள். டெல்பின் அக்கா வேறு நிற்கிறார். இந்த ஊரில் மேட்சிங் என்றால் 'ரெஜினா டெய்லர்ஸ்' பிலோமினாதான் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். துணியைத் தூக்கிப் பிடித்து, "கண்ணு என்ன குருடா உங்களுக்கு?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. வேடிக்கைக்குச் சொன்னதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளத் தெரிய வேண்டாமா?

மறுநாள் காலை பையைத் தூக்கிக்கொண்டார். "போறவங்க அந்தத் தகரத்தையும் எடுத்துட்டுப் போங்க" என்று கொட்டகையில் நின்ற அவருடைய ஜீப்பைக் காட்டினேன்.

"அதை நீயே ஓட்டு. எல்லாம் தெரிஞ்சவ நீதானே" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

ஜனவரி 7, புதன்

போன் வரவில்லை. நானும் பண்ணவில்லை.

ஜனவரி 8, வியாழன்

கல்யாண பிளவுஸ் துணி வாங்க நானே சேலம் போனேன். பச்சைக்குப் பச்சை, சேலையின் மேல் வைத்தால் எங்கே சேலை, எங்கே துணி என்று தெரியாத அளவுக்குக் கச்சிதம். பஸ் செவ்வாய்ப்பேட்டை வழியாகத்தான் போனது. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நாத்தனார் வீட்டு மாடியில் நீலக் கட்டம் போட்ட லுங்கியைச் சரியாகப் பிழியாமல் காயப்போட்டிருந்தார்கள். பிழியத் தெரியாதவர்கள் எதற்கு ஆளை வைத்துக்கொள்ள வேண்டும்?

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே ஒரு முடிவெடுத்தேன். ஜீப்பை விற்றுவிடப் போகிறேன். அவர் வந்து பார்க்கும்போது கொட்டகை காலியாக இருக்க வேண்டும்.

அது ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய பெட்ரோல் ஜீப். எனக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வயது, அது என்னைவிட அதிகமாகக் குடிக்கும். லாரி போகாத மண் தடத்தில் எஸ்டேட்களிலிருந்து காப்பி மூட்டை இறக்குவதுதான் இவர் தொழில். இத்தனைக்கும் அரசு பஸ்ஸில் டிரைவர் வேலை கிடைத்த மனிதர். ஆர்டர் வாங்கப் போனவர் சாயங்காலம் வீடு வந்து, "அடுத்தவன் வண்டியை நான் ஓட்டமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். பென்ஷனோடு போன வேலை. அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை, மாதத்துக்கு ஒருமுறை தவிர.

ஜீப்பைப் படம் எடுத்து, போனில் பழைய வண்டி விற்கிற இடத்தில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் சேலத்துப் பையன் ஒருவன் கூப்பிட்டான். காட்டுவழியில் வண்டி ஓட்டுவது அவனுக்குப் பொழுதுபோக்காம். பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறான்.

"ஸ்டார்ட் ஆகுமா ஆன்ட்டி?"

"ஒரே சாவியில" என்றேன். அதுவரை உண்மைதான்.

ஜனவரி 9, வெள்ளி

விற்கிற பொருளைத் துடைத்து வைப்பது என் பழக்கம். வெளியே கழுவியாகிவிட்டது. உள்ளே துடைக்க டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுப் பார்த்தால், அங்கே என் பொத்தான்கள்!

கட்டுக்கட்டாக ஓடும் வயர்களில் ஒவ்வொன்றிலும் ஒரு பொத்தான் நூலால் கட்டித் தொங்குகிறது. சட்டைப் பொத்தான், கோட்டுப் பொத்தான், நாலு ஓட்டை, இரண்டு ஓட்டை, குழந்தைக் கவுனுக்கு வைக்கிற பூப் பொத்தான்கூட. பாக்கெட்டில் எண்ணிக்கை குறைகிறது என்று மொத்த வியாபாரக் கடையில் எத்தனை சண்டை போட்டிருப்பேன்! திருடன் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறான். வண்டிக்கு அலங்காரமாம்! வெளியில் தெரியாத அலங்காரம்.

கத்தரியை எடுத்து வந்து ஒன்றுவிடாமல் வெட்டி எடுத்தேன். அவ்வளவு திருப்தி சமீபத்தில் எனக்குக் கிடைத்ததில்லை. கழுவித் துடைத்து, டப்பாவில் போட்டுவிட்டேன்.

இழுத்த இழுப்பில் சாவி சுவிட்சின் முதுகிலிருந்து நாலு வயர்கள் கழன்று வந்துவிட்டன. நாலு வயர், நாலு முனை. இதிலென்ன பெரிய வித்தை? கொக்கி வைக்கிற மாதிரி மாட்டிவிட்டேன்.

ஜனவரி 10, சனி

கொக்கி வைக்கிற மாதிரி இல்லை.

காலையில் ஏறி உட்கார்ந்து சாவியை ஒரு சொடுக்குத் திருப்பினேன். ஜீப் உறுமிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. இவர் எப்போதும் முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்துவிட்டுத்தான் நிறுத்துவார், மலைக்காரர் பழக்கம். கல் பின்னால்தானே இருந்தது, முன்னால் இருந்தது என் தண்ணீர் டிரம். ஓடத் தொடங்காமலே, ஸ்டார்ட்டர் மோட்டாரின் பலத்தில் மட்டும் வண்டி குதித்துப் போய் டிரம்மை முட்டி, கொட்டகையை நனைத்து, என் மானத்தையும் நனைத்துவிட்டு நின்றது. சாவியைப் பிடுங்கிய பிறகுதான் அடங்கியது.

கியரை எடுத்துவிட்டு இரண்டு வயர்களை இடம் மாற்றினேன். இப்போது சாவியை முழுதாகத் திருப்பினால் வைப்பர் ஆடியது. அவ்வளவுதான். மழையில்லாத கண்ணாடியை அது நிதானமாகத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து வீட்டு மரியலூயிஸ் எட்டிப் பார்த்து, "என்ன அக்கா, வண்டி பழகறீங்களா?" என்றான்.

"டிரம்மை நகர்த்தினேன்" என்றேன்.

ஜனவரி 12, திங்கள்

இந்த ஊரில் வண்டி தெரிந்த எல்லோரும் இவருடைய கூட்டாளிகள். ஒருவனைக் கூப்பிட்டால் அரை மணி நேரத்தில் செய்தி செவ்வாய்ப்பேட்டை போய்விடும். அதனால் போனில் வீடியோ பார்த்துக் கற்கிறேன். நம் ஊர்ப் பையன் ஒருவன் நன்றாகத்தான் சொல்லித் தருகிறான்: "சிவப்பு வயர் பேட்டரி, மஞ்சள் வயர் ஸ்டார்ட்டர், பச்சை வயர் காயில்." பார்த்துக்கொண்டே போய் டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டால் எல்லாம் சிவப்பு. பேட்டரியிலிருந்து வருவது, பின்விளக்குக்குப் போவது எல்லாமே சிவப்பு. இந்த வண்டிக்கு முழு வயரிங்கையும் ஒரு மழைக்காலத்தில் இவர்தான் தனியாக உட்கார்ந்து மாற்றினார். ஒரே சுருளை வாங்கி வேலையை முடித்த கஞ்சத்தனம்.

ஒரு பல்பில் இரண்டு வயர்களைச் சுற்றி டெஸ்ட் லாம்ப் செய்துகொண்டேன். ஒரு முனையை வண்டி உடம்பில் வைத்து, மறு முனையால் கழன்ற வயர்களை ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். எதைத் தொட்டால் விளக்கு தானாக எரிகிறதோ அது பேட்டரி வயர். எரிந்தது! கல்யாணமான புதிதில் கரண்ட் வந்த வீட்டுக்குக் குடிபோனபோதுகூட நான் இப்படிக் கத்தவில்லை.

அந்தப் பேட்டரி வயரால் மற்ற மூன்றையும் தொட்டுப் பார்த்தேன். ஒன்றில் ஸ்டார்ட்டர் உறுமியது. ஒன்றில் வைப்பர் ஆடியது. மிச்சம் இருப்பது காயில் வயர்தான், பிளக்குக்குத் தீப்பொறி அனுப்புவது அதுதான். மறக்காமல் இருக்க ஒவ்வொன்றிலும் ஒரு நிற நூல் கட்டினேன். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. பார்த்தவுடன் தெரிகிறது. இதைச் செய்ய அந்த மனிதருக்கு ஏன் தோன்றவில்லை? வீட்டில் இல்லாத நூலா?

ஜனவரி 13, செவ்வாய்

மகள் ரெஜினா கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டாள். அப்பாவோடு தினமும் பேசுகிறாளாம்.

"நீயே ஒரு போன் பண்ணேன்மா."

"எதுக்கு? நான் நல்லாத்தான் இருக்கேன். ராத்திரி அவருக்கு அங்க கோதுமையா, சோறா?"

"ஏன், கவலையா?"

"கவலை என்ன? சோறு தின்னா நெஞ்செரிச்சல்னு விடிய விடிய நடப்பாரு. நாத்தனார் தூக்கம் கெடுமேன்னு கேட்டேன்."

"ஜீப்பை நோண்டறியாமே? மரியலூயிஸ் மாமா அப்பாகிட்ட சொல்லியிருக்கார்."

"அதுக்கு அப்பா என்ன சொன்னாரு?"

"டிரம்முக்கு அடி பலமான்னு கேட்டார்."

சிரிப்பு வந்தது. போனை வைத்துவிட்டுத்தான் சிரித்தேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். மாதா கோயில் வளாகத்தில் பொங்கல் வைத்தார்கள். பங்குச் சாமியார், "ஞானப்பிரகாசம் எங்கேம்மா?" என்று கேட்டார். ஜலதோஷம் என்றேன்.

ஜனவரி 16, வெள்ளி

என்ஜின் ஓடியது! அரை நிமிடம்.

என் யோசனை இதுதான். ஸ்டார்ட் ஆக ஸ்டார்ட்டரும் வேண்டும், தீப்பொறியும் வேண்டும். எனவே மஞ்சள் நூலையும் பச்சை நூலையும் ஸ்டார்ட் முனையில் ஒன்றாக முறுக்கி மாட்டினேன். சாவியை முழுதாகத் திருப்பினால் உறுமி, இருமி, புகை விட்டு, ஓடியது. ஆனந்தத்தில் சாவியை விட்டேன். உடனே அணைந்துவிட்டது. மறுபடி திருப்பிப் பிடித்தால் ஓடுகிறது, விட்டால் அணைகிறது. கையை எடுக்காமல் பிடித்துத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வீட்டில் இத்தனை வருடம் யாரை யார் இப்படிப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தோம் என்று வண்டி எனக்குச் சொல்லிக்காட்டுவதுபோல இருந்தது. வண்டி சொல்வதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

ஜனவரி 18, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போதே அந்தப் பையன் வாசலில் நின்றிருந்தான். பெயர் வருண். இடுப்பு வரை தாடி, முழங்காலுக்கு மேல் பை பையாகத் தைத்த டவுசர். அந்தப் பைகளின் தையல் கோணல்.

வண்டியைச் சுற்றி வந்து, தட்டிக் கொடுத்து, கீழே படுத்துப் பார்த்து உருகினான். சாவியைத் திருப்பினான், ஓடியது. விட்டான், அணைந்தது.

"ஒரே சாவின்னீங்களே ஆன்ட்டி?"

"சாவி ஒண்ணுதானே இருக்கு."

டேஷ்போர்டுக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தவன் விசில் அடித்தான். "இந்த நூல் நீங்க கட்டினதா? சூப்பர். ஆனா இதை வயரிங் பண்ணினவர் யாரு? எல்லாமே சிவப்பா இருக்கே?"

"என் வீட்டுக்காரர். ஒரே சுருள்ல முடிச்சிட்டாரு."

"அப்படி இருக்காது ஆன்ட்டி. வேலையைப் பாருங்க, எவ்வளவு சுத்தம். எங்க சித்தப்பா ஒருத்தர் இப்படித்தான் பண்ணுவார். அவருக்குப் பச்சையும் பிரவுனும் சிவப்பும் ஒரே மாதிரி தெரியும், பிறவியிலேயே. அதனால நிறத்தையே நம்பமாட்டார். எல்லாம் ஒரே வயரா போட்டு, முடிச்சோ வளையமோ தடவிப் பார்க்கற மாதிரி அடையாளம் வச்சுக்குவார். இதுலயும் ஏதாச்சும் இருந்திருக்கணுமே... இங்க பாருங்க, வயருக்கு வயர் நூல் கட்டி வெட்டின மாதிரி இருக்கு."

நான் டப்பா இருந்த பக்கம் பார்க்கவில்லை. "எலி கடிச்சிருக்கும்" என்றேன்.

ஓடாவிட்டாலும் பரவாயில்லை, வேறு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு போகிறேன் என்றான். நான் கொடுப்பதாக இல்லை என்றேன். ஏன் என்று கேட்டான். உன் தாடி பிடிக்கவில்லை என்றேன். பாவம், அவன் சிரித்துக்கொண்டே போனான்.

ஜனவரி 19, திங்கள்

இன்று தைக்கவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்திருக்கிறது. காப்பிப் பழம் பறிக்கப் போனால் இவர் ஒவ்வொரு பழத்தையும் விரலால் அமுக்கிப் பார்த்துத்தான் பறிப்பார், கூடப் பறிக்கிறவர்கள் கூடையை நிரப்பிவிட்டு உட்கார்ந்து கேலி செய்வார்கள். தக்காளி வாங்கச் சொன்னால், "நீயே வா, எனக்குப் பொறுக்கத் தெரியாது" என்பார். ஒரு கிறிஸ்துமஸுக்குப் பச்சைச் சேலை எடுத்திருக்கிறேன் என்று ரகசியமாகச் சொல்லிவிட்டு, பழுப்புச் சேலையைக் கொண்டுவந்து நீட்டினார். மாற்றிக் கட்டிவிட்டார்கள் என்று கடைக்காரனை நான் திட்டினேன். இவரும் சேர்ந்து திட்டினார். ஒரு நூலுக்கும் அடுத்த நூலுக்கும் உள்ள இம்மி நிற வித்தியாசத்தை விளக்கில்லாமல் சொல்லுவேன் என்று பெருமை பேசுகிறவள் நான். கண் யாருக்குத் தெரியவில்லை என்று அன்று கடையில் என்னைப் பார்த்து யாராவது கேட்டிருக்கலாம்.

ரெஜினாவைக் கூப்பிட்டேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

அவளும் சுற்றி வளைக்கவில்லை. "ரெண்டாங்கிளாஸ்ல அப்பா எனக்கு மரம் வரைஞ்சு கலர் அடிச்சுக் குடுத்தாரும்மா. இலையெல்லாம் பிரவுன், மரம் பச்சை. மிஸ் சிரிச்சாங்க. நான் அழுதுட்டே வந்தேன். அன்னிக்குத்தான் சொன்னார். அம்மாகிட்ட சொல்லாதேன்னும் சொன்னார்."

"ஏன்? நான் என்ன பிசாசா?"

"நீ நிறத்துல ராணியாம். ராணிகிட்ட போய் எனக்கு நிறமே தெரியாதுன்னு எப்படிச் சொல்றதுன்னு கேட்டார்."

அந்த பஸ் வேலை பற்றியும் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"மெடிக்கல்ல டாக்டர் புள்ளி புள்ளியா ஒரு படம் காமிச்சாராம்மா. அதுக்குள்ள ஒரு நம்பர் இருக்கு, படின்னாராம். அப்பாவுக்கு வெறும் புள்ளிதான் தெரிஞ்சுதாம். ரொம்ப நேரம் பார்த்தாராம்."

முதலில் வந்தது கோபம்தான். இத்தனை வருடம் என்னோடு படுத்து எழுந்த மனிதர் மகளிடம் சொல்லுவார், என்னிடம் சொல்லமாட்டாரா? அந்தக் கோபத்தோடு அரிசி களைந்தேன். களைந்துகொண்டிருக்கும்போதே, என்னிடம் எப்படிச் சொல்லியிருப்பார், நான் எப்போது விட்டேன் என்று தோன்றியது. பிறகு உட்கார்ந்து அழுதேன். சோறு குழைந்துவிட்டது.

ஜனவரி 21, புதன்

தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது பிடிபட்டது. பெடலை மிதித்தால் தையல் தொடங்கும், ஆனால் நூல் வந்துகொண்டே இருந்தால்தான் ஓடும். ஸ்டார்ட்டர் வெறும் முதல் மிதிதான். தீப்பொறியோ என்ஜின் ஓடும்வரை போய்க்கொண்டே இருக்க வேண்டும். நான் காயில் வயரை ஸ்டார்ட் முனையில் முறுக்கியதால், சாவியை விட்டதும் நூல் அறுந்துபோனது. சாவி திரும்பி வந்து நிற்கிற நடு முனை ஒன்று இருக்கிறது, வைப்பருக்கு மட்டும் என்று நினைத்து நான் ஒதுக்கி வைத்திருந்த முனை. பச்சை நூல் கட்டிய காயில் வயரை அங்கே மாற்றினேன்.

திருப்பினேன். உறுமியது. விட்டேன். ஓடிக்கொண்டே இருந்தது.

கொட்டகை முழுக்கப் புகை. மரியலூயிஸ் ஓடிவந்து கைதட்டினான். நான் இறங்கவே இல்லை, இறங்கினால் அணைந்துவிடுமோ என்று பயம்.

சாயங்காலம் பொத்தான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மறுபடி டேஷ்போர்டுக்குக் கீழே படுத்தேன். அவர் எதற்கு எது வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது, அத்தாட்சியையெல்லாம் கத்தரித்துக் கழுவிவிட்டேனே. அதனால் நானாக வைத்தேன். பேட்டரி வயருக்குக் கோட்டுப் பொத்தான். ஸ்டார்ட்டருக்கு இரண்டு ஓட்டை. காயிலுக்கு நாலு ஓட்டை. வைப்பருக்குப் பூப் பொத்தான். மெழுகு நூலில், ஜென்மத்துக்கும் அறாத மாதிரி. விளக்கு, ஹார்ன் வயர்களுக்கும் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கட்டினேன். முடிந்ததும் என் நிற நூல்களை அவிழ்த்துவிட்டேன். அது என் வசதிக்குக் கட்டியது, வண்டி அவருடையது.

ஜனவரி 23, வெள்ளி

டெல்பின் அக்கா பிளவுஸை வாங்கிப் போனார். சேலையும் பிளவுஸும் ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கிறதாம். கடையில் யாரும் இல்லாத நேரத்தில் எனக்கு ஒரு பிளவுஸ் வெட்டினேன். துணி வீட்டிலேயே இருந்தது.

ஜனவரி 24, சனி

பச்சைச் சேலை கட்டிக்கொண்டு ஜீப்பில் சேலம் போனேன்.

இதை ஒரு வரியில் எழுதிவிட்டேன், இறங்கியது அப்படி இல்லை. லைசென்ஸ் இருக்கிறது. மூட்டை ஏற்றும்போது எஸ்டேட் தடத்தில் வண்டியை முன்னே பின்னே நகர்த்தியிருக்கிறேன். மலை இறங்கியதில்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாவது கியரில், மாதாவை வேண்டிக்கொண்டே இறங்கினேன். என் பின்னால் ஒரு பஸ், அதன் பின்னால் ஒரு கல்யாண வேன், அதன் பின்னால் ஏற்காட்டில் அன்று கீழே இறங்க நினைத்த அத்தனை பேரும். ஒரு வளைவில் பஸ் டிரைவர் தலையை நீட்டி, "ஏம்மா, ஓட்டறீங்களா, தள்ளிட்டுப் போறீங்களா?" என்றார். அரசு பஸ். உங்கள் இடத்தில் இருக்க வேண்டியவரைக் கூட்டிவரத்தான் போகிறேன் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அடுத்த வளைவு வந்துவிட்டது.

செவ்வாய்ப்பேட்டையில் நாத்தனார் வீட்டு வாசலில் நிறுத்தி ஹார்ன் அடிக்கக்கூட இல்லை. என்ஜின் சத்தத்துக்கே நீல லுங்கி ஓடி வந்துவிட்டது, சட்டை போடாமல். பின்னாலேயே நாத்தனார். என்னை வா என்று சொல்வதற்குள் நாத்தனார் என் பிளவுஸ் கையைப் பார்த்துவிட்டார்.

"என்ன பிலோமி இது? பச்சைச் சேலைக்குக் காப்பிக்கொட்டைக் கலர்ல ஜாக்கெட்டு? டெய்லர் நீயே இப்படிப் போட்டா ஊரு என்ன போடும்?"

"மேட்சிங்தான் அண்ணி" என்றேன்.

இவர் சேலையைப் பார்த்தார், பிளவுஸைப் பார்த்தார். "ஆமாக்கா, மேட்சிங்காத்தானே இருக்கு?" என்றார் வெள்ளந்தியாக. பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தை. இன்னொரு முறை அந்தத் துணியைப் பார்த்தார். எங்கே வாங்கிய துணி என்பது நினைவுக்கு வந்துவிட்டது.

நேராக ஜீப்பிடம் போய்விட்டார். டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. நான் பக்கத்தில் போய் நின்றேன். விரலால் ஒவ்வொரு பொத்தானாகத் தடவிக்கொண்டிருந்தார்.

"நாலு ஓட்டை நான் ஸ்டார்ட்டருக்கு வச்சிருந்தேன்" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"இனிமே அது காயிலுக்கு. பழகிக்கங்க."

"டிரம்மு?"

"நசுங்கிருச்சு."

ஒரு பொத்தானை இழுத்துப் பார்த்து, "முடிச்சு நல்லாப் போட்டிருக்க பிலோமி" என்றார். மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது. கீழே தூசி அதிகம், துடைத்தது போதவில்லை போலிருக்கிறது. எனக்கும் தூசி விழுந்தது.

நாத்தனார் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். சாப்பிட்டோம், கோதுமைத் தோசை. பையை இவரே எடுத்து வந்து பின்சீட்டில் வைத்தார். ஓட்டுகிறாயா என்பதுபோல சாவியை நீட்டினார். மலை ஏற நீங்களே ஓட்டுங்கள், என் உயிர் இறங்கும்போதே போய்விட்டது என்றேன்.

முதல் சிக்னலில் வண்டிகள் நின்றன. "சிவப்பு" என்றேன், சும்மா, வெயில் அடிக்கிறது என்பதுபோல.

இவர் நேராகப் பார்த்துக்கொண்டே, "மேல எரிஞ்சா சிவப்பு. கீழ எரிஞ்சா பச்சை. இத்தனை வருசமா அப்படித்தான் ஓட்டறேன். எனக்குத் தெரியும்" என்றார்.

"தெரிஞ்சா என்ன? நான் சொல்லிக்கிட்டுத்தான் வருவேன்."

நான் வாய் திறப்பதற்குள், கீழ் விளக்கு வந்ததும் கிளம்பிவிட்டார். சரி, மனிதருக்கு வீம்பு போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அஸ்தம்பட்டி சிக்னலிலும் நின்றோம். அதற்கு மேல் மலைதான். கீழ் விளக்கு எரிந்தது. முன்னால் நின்றவர்கள் போய்விட்டார்கள். பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள். இவர் கியரில் கையை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். வண்டி அணைந்துவிட்டதோ, என் வயரிங் போய்விட்டதோ என்று பதறிப்போய் அவர் பக்கம் திரும்பினேன். என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இவர் விளக்கைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு எப்போதுமே கொஞ்சம் தாமதமாகத்தான் புரியும்.

"பச்சை" என்றேன்.

கிளம்பினார்.